கற்றளியும் மனத்தளியும்: கச்சி இராசசிங்கேச்சர ஆராய்ச்சி

தோற்றுவாய்

தொண்டைநன்னாட்டின் தலைநகராய்ப் பல்லவர் வீற்றிருந்து செங்கோலோச்சிய கச்சிமாநகரின் மேற்பால், ஊர்ப்பரபரப்பு ஓய்ந்து வயல்வெளி தொடங்கும் எல்லையிலே, கிழக்கு நோக்கிய சிவாலயம் ஒன்று உளது. இக்காலத்தார் அதனைக் கைலாசநாதர் திருக்கோயில் என்பர். எடுப்பித்த மன்னன் பெயரால் இராசசிங்கேச்சரம் என்று கல்வெட்டுக்கள் அதனைக் குறிக்கும். கச்சியிலுள்ள தேவாரப் பாடல்பெற்ற தலங்கள் ஐந்தனுள் இஃது ஒன்றன்று. ஆயினும், திருத்தொண்டர் புராணத்தொடு இயைபுடையதாகக் கருதப்படுதலானும், சைவசித்தாந்தம் என்னும் நம் சமயப்பெயரைத் தன் கல்லிலே தாங்கி நிற்றலானும், சித்தாந்த நூல் பயில்வார் ஒருகாலேனும் சென்று கண்டு சிந்தித்தற்குரிய தலம் இதுவாம்.

இக்கோயிலை எண்ணுந்தோறும் உடன் எண்ணப்படுவது பிறிதொரு கோயில். அது கல்லாலும் மண்ணாலும் ஆயதன்று. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் தம் உள்ளத்தே எடுத்தது. அரசன் குறித்த அதே நாளில் அவ்வுள்ளக்கோயிலிற் புகுவதாக இறைவன் அருளினன் என்பது வரலாறு. இதுகொண்டு சிலர், ‘புறக்கோயில் வேண்டா; அகக்கோயிலே அமையும்’ என்பர். வேறு சிலர், ‘இஃது ஏழையன்பரை உயர்த்தக் கூறிய கதை மாத்திரையே’ என்று கடந்து போவர். இவ்விரு கூற்றும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பூசலார் வரலாறு

சேக்கிழார் பெருமான் அருளிய வரலாற்றின் சுருக்கம் வருமாறு: தொண்டைநாட்டுத் திருநின்றவூரில் மறையவர் குலத்துத் தோன்றிய பூசலார், சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விழைந்தார். பொருள் தேடிப் பல்லிடத்தும் வருந்தினார், சிறிதும் கிடைத்திலது. நைந்த அவர், மனத்தினாலேயே கோயில் எடுக்கத் துணிந்தார். பொருளைச் சிறிது சிறிதாக மனத்திலே சேர்த்தார். கருவிகளும் சாதனங்களும் தச்சரும் மனத்திலே அமைந்தனர். நல்ல நாள் நோக்கி நிலங்கொண்டு கால்நாட்டினார். இரவிலும் கண்துயிலாது, அடிநிலை முதலாகச் சிகரம் ஈறாக ஒவ்வோர் உறுப்பையும் அதற்குரிய அளவின் வழுவாது நெடுநாள் எடுத்து முடித்தார். தூபி நட்டுச் சுதைவேலை முடித்துக் கிணறும் மதிலும் குளமும் வகுத்தார். பின்னர்த் தாபித்தற்குரிய நாளையும் வேளையையும் வரையறுத்தார்.

அக்காலத்துக் காடவர்கோமான் கச்சியிற் கற்றளி ஒன்று பெரும்பொருள் கொண்டு எடுத்து, இறைவனை எழுந்தருளச் செய்தற்கு அதே நாளைக் குறித்திருந்தான். முன்னாள் இரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை நாம் புகுவேம், நீ நின் செயலைப் பின்னொரு நாளிற் கொள்க என்று பணித்தனன். விழித்தெழுந்த மன்னன் அத்தகைய அன்பரை வணங்கவேண்டும் என்னும் விருப்பொடு நின்றவூர் சென்று, ‘பூசலார் அமைத்த கோயில் யாண்டுளது?’ என்று வினவினான். அப்படி ஒரு கோயில் இவ்வூரில் இல்லை என்றனர் அங்குள்ளார். பின்னர்ப் பூசலாரையே அணுகிக் கேட்ப, அவர் மருண்டு, தம்மையும் ஒரு பொருளாகக் கொண்டு இறைவன் அருளியவாற்றை எண்ணி உருகி, தாம் மனத்தால் எடுத்ததனை எடுத்துரைத்தார். அரசன் அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கித் தன் ஊர்க்கு மீண்டனன். நாயனார் குறித்த வேளையில் இறைவனைத் தம் உள்ளத்தே தாபித்து, நெடுநாள் பூசனை புரிந்து, திருவடி நீழலை அடைந்தனர். திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்னும் பெயரொடு இறைவன் எழுந்தருளியிருக்கும் ஆலயம் இவ்வரலாற்றை நினைப்பிப்பதாம்.

காடவர்கோமான் யாவன்?

சேக்கிழார் அவ்வரசன் இயற்பெயரைக் கூறிற்றிலர். கற்றளியின் பெயரையும் கூறிற்றிலர். ஆராய்ச்சியாளர் பலர் அவனை இரண்டாம் நரசிங்கவர்மனாகிய இராசசிங்கன் என்றும், அக்கற்றளி இராசசிங்கேச்சரமே என்றும் கொள்வர். இவன் ஏறத்தாழக் கி. பி. 700 முதல் 728 வரை ஆண்டவன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் பனைமலைக் கோயிலும் இவன் எடுப்பித்தனவே.

அவர் இங்ஙனம் கொள்ளுதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கோயில் விமானத்தின் அடிநிலையைச் சுற்றி வடமொழிச் சுலோகங்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று, துஷ்யந்தன் முதலாய பண்டை மன்னர் முன்னை யுகங்களிலே அசரீரி வாக்கைக் கேட்டனர், நற்குணங்கள் அகன்றுபோன கலியிலும் ஸ்ரீபரன் அதனைக் கேட்டனன், இது வியப்பே என்னும் கருத்துடையது. ஸ்ரீபரன் என்பது இராசசிங்கன் விருதுப்பெயர்களுள் ஒன்று. பிறிதொரு சுலோகம், அவனைச் சைவசித்தாந்த நெறியில் நின்று மலமெல்லாம் அழியப்பெற்றவன் என்று போற்றுகின்றது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே, மெய்கண்டார்க்கு ஏறத்தாழ ஐந்நூறாண்டு முன்னர், ‘சைவசித்தாந்தம்’ என்னும் தொடர் கல்லிலே பொறிக்கப்பட்டமை நம்மனோர் நெஞ்சிற் பதித்தற்குரியது.

எனினும், ஆராய்ச்சியில் அன்பு காரணமாக அளவு கடத்தல் ஆகாது. கல்வெட்டு, வாக்கைக் கேட்டான் என்கின்றதேயன்றி, அவ்வாக்கு யாது கூறிற்று என்று சொல்லவில்லை. புராணம் கூறுவது கனவு. கல்வெட்டுக் கூறுவது உருவிலா ஒலி. ஆதலின் இரண்டும் ஒருநிகழ்ச்சியே என்று அறுதியிட்டுக் கூறுதற்கு இடமில்லை. பெரிதும் பொருந்துகின்றது என்னும் அளவிலே அமைதல் வேண்டும். தம்மைப் பாடிய சுந்தரர்க்கு முற்பட்டவர் பூசலார் என்பது ஒருதலை. சுந்தரர் இராசசிங்கனுக்குப் பிற்பட்டவர் என்பதே பெரும்பான்மையோர் துணிபாதலின் காலமும் முரணாது. இனி இக்கற்றளியின் அமைப்பை நோக்குவாம்.

திருக்கோயிலமைப்பு

பல்லவர்க்கு முன்னர்த் தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லும் மரமும் மண்ணும் கொண்டு ஆயின. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் இவை இன்றி மலையைக் குடைந்து கோயில் கண்டான். அடுத்து, பாறையை மேலிருந்து செதுக்கி இரதங்கள் அமைத்தனர். மூன்றாம் நிலையே, கல்லைத் தனித்தனி அறுத்து அடுக்கி எடுக்கும் கற்றளி. அம்முறையில் முற்பட்டெழுந்த பெருங்கோயில்களுள் இராசசிங்கேச்சரம் தலைமை வாய்ந்தது.

அடித்தளம் கருங்கல்லால் ஆயது. அதன்மேல் எழும் உறுப்புக்கள் மணற்கல்லால் ஆயின. மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும்; காற்றுக்கும் மழைக்கும் அவ்வாறே எளிதில் தேயும். அதனாலேயே பண்டும் பின்னும் சுதை பூசப்பட்டது. பிற்காலத்துச் சுதை சிலவிடத்துப் பழைய சிற்பநுட்பத்தை மறைத்து நிற்கின்றது.

முகப்பில் சிறுகோயில்கள் வரிசையாய் உள்ளன. அவற்றுள் ஒன்றில் இராசசிங்கன் தேவியாகிய இரங்கபதாகையின் பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. வாயிலை அடைந்தால், எதிரே நிற்பது மன்னன் மகன் மகேந்திரன் எடுத்த மகேந்திரவர்மேச்சரம். அதன் இருமருங்கும் உள்ள வழியாகவே உள்ளே புகல்வேண்டும். உட்புகுந்தால் திருச்சுற்றின் மதிலையொட்டி ஐம்பத்தெட்டுச் சிற்றாலயங்கள் நாற்புறமும் சூழ்ந்திருத்தலைக் காணலாம். இடையிடையே பின்கால் ஊன்றி எழுந்து நிற்கும் சிங்கத் தூண்கள், இராசசிங்கன் என்னும் பெயரைச் சொல்லாமற் சொல்லும். இச்சிற்றாலயங்களிற் பண்டு தீட்டிய ஓவியங்களின் எச்சங்கள் கி. பி. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேலால் கண்டறியப்பெற்றன. உமையும் கந்தனும் உடனாய இறைவன் திருவுருவ ஓவியத்தின் கோடுகள் சிதைவினூடும் இன்றும் புலனாகும்.

நடுவே விமானம் படிப்படியாய்ச் சுருங்கி எழுந்து, எண்பட்டைச் சிகரத்தில் முடியும். விமானத்தின் புறச்சுவரோடு ஒட்டி ஏழு சிறுகோயில்கள் பிதுங்கி நிற்கின்றன. முன்னுள்ள மண்டபம் ஆதியில் விமானத்தினின்றும் தனித்து நின்றது. பிற்காலத்தே இடையில் ஒரு மண்டபம் கட்டி இரண்டையும் இணைத்துவிட்டனர். சுவர்களிலே ஆலமர்செல்வர், முப்புரம் எரித்தவர், கங்கை தாங்கியவர், இலிங்கோற்பவர், பலிகொள் பெருமான், தாண்டவமூர்த்தி என இறைவன் திருவுருவங்கள் இடைவெளியின்றி அமைந்துள்ளன. மகேச்சுர மூர்த்தங்களைப் பயில விரும்புவார்க்கு இத்திருச்சுற்று ஒரு நூலாகவே உதவும்.

கருவறையிலே பதினாறு பட்டையுடைய இலிங்கத் திருமேனி. அதன் பின் சுவரில் சோமாஸ்கந்த உருவம். இவ்வமைப்பிலே சித்தாந்தப்பொருள் ஒன்றைக் காணலாகும். இலிங்கம் அருவுருவம், சதாசிவத் திருமேனி. அதன் பின்னே அம்மையும் மகவும் உடனாக வீற்றிருத்தல் உருவம்; மகேச்சுரத் திருமேனி. அருவமாய் நின்ற பொருள், உயிர்களின்மேல் வைத்த கருணையினால் அருவுருவாகி உருவாகி வெளிப்படும் முறைமை, ஓரறையில் ஒருங்கு காணப்படுகின்றது. சத்தியைப் பிரிந்து சிவம் இல்லை என்பதும் அங்கே காட்சியாகின்றது.

கருவறையைச் சூழ இருசுவர்க்கு நடுவே குறுகிய சுற்றுவழி ஒன்று உண்டு. அதனுள் நிமிர்ந்து புகுதல் இயலாது. தாழ்ந்து தவழ்ந்து, உடலை ஒடுக்கிச் சென்று, வேறொரு துளைவழி வெளிவரல் வேண்டும். இதனை வலம்வந்தார்க்குப் பிறவி நீங்கும் என்பது மக்கள் வழக்கு. அரசனும் ஆண்டியும் அவ்விடத்துத் தவழ்ந்தே செல்லவேண்டும் என்பதனை உன்னுக. நிமிர்ந்த தலையொடு வருவார்க்கு அங்கு வழியில்லை.

கல்லிற் பொறித்த பெயர்கள்

திருச்சுற்றின் சிற்றாலயங்களில் இராசசிங்கன் விருதுப்பெயர்கள் ஏறத்தாழ இருநூற்றைம்பது பொறிக்கப்பெற்றுள்ளன. அவையும் வரிசை வரிசையாய், வெவ்வேறு எழுத்து வடிவில், அலங்காரமாக அமைந்தன. ரணஜயன் முதலாய வீரப்பெயர்கள் பல. சிவசூடாமணி, ஈசுவரபக்தன், ஆகமப்பிரமாணன் என்றாற்போலும் பத்திப்பெயர்களும் உண்டு. இத்துணைப் பெயர்களைத் தன் கோயில் முழுதும் எழுதுவித்த மன்னனை ஒருபுறமும், ஓரெழுத்தும் எங்கும் பொறியாத பூசலாரை மறுபுறமும் வைத்து நோக்கினால், வரலாற்றின் உட்பொருள் தானே விளங்கும்.

இனி, இக்கோயிலின் பின்வரலாறும் அறியத்தக்கது. சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் (கி. பி. 733–744) கச்சியைக் கைப்பற்றிய ஞான்று, இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராது இறைவனுக்கே மீட்டளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் இங்குள்ள மண்டபத் தூணிலே வெட்டுவித்தான். வென்ற பகைவன், தோற்ற குலத்தார் எடுத்த கோயில்முன் வணங்கி நின்றமைக்கு அக்கல் சான்று. அவன் தேவி லோகமாதேவி பட்டடக்கல்லில் எடுத்த கோயில் இதன் சாயல் உடையது. முதலாம் இராசராச சோழன் கல்வெட்டு இதனைக் ‘கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி’ என்று வழங்கும். ஆயினும், பிற்காலத்தே குலோத்துங்க சோழன் நாளில் கோயில் அடைக்கப்பெற்று, அதன் நிலங்கள் விற்கப்பட்டு, வளாகம் அண்மையிலுள்ள அநேகதங்காவதத்துக் கோயிலுக்கு உரிமையாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரக் கம்பண உடையார் காலத்துக் கோப்பணன் என்னும் அதிகாரியின் ஆணையால் நிலம் மீண்டது, பூசனையும் மீண்டது. பெயர் இருநூற்றைம்பது பொறித்த கோயிலும் ஒருகாலத்துக் கதவடைத்துக் கிடந்தது என்பது நினைவிற்குரியது.

ஐயமும் தெளிவும்

இனி ஐயங்களை எடுத்துக்கொள்வாம்.

முதலாவது: இறைவன் மனக்கோயிலை முற்பட ஏற்றமையின், கற்கோயிலும் அதன்கண் நிகழும் கிரியையும் மிகையாகாவோ எனின், ஆகா என்க. பூசலார் முதற்கண் விழைந்தது புறக்கோயிலே. பொருள் இன்மையினாலன்றிப் புறக்கோயில் பயனற்றது என்று கருதி அவர் மனத்தை நாடினாரல்லர். மனத்தே எடுத்த காலையும் ஆகமவிதியை அவர் கைவிடவில்லை. நாள் நோக்கினார்; அளவு நோக்கினார்; அடிநிலையின்றிச் சிகரம் வைத்தாரல்லர். கிரியை அறியாதான் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, ‘என் மனமே கோயில்’ எனல் எளிது. பூசலார் செய்தது அஃதன்று. கண்துயிலாது நெடுநாள் உழைத்த உழைப்பு அது. ஒரே வேற்றுமை, கல்லிருந்த இடத்தில் நினைவு இருந்தது. சிவஞானபோதத்தின் ஒன்பதாம் நூற்பாவின்கண் நெஞ்சினைப் பூசைக்கு இடமாக வைத்து உரைக்கும் அகப்பூசையும் புறப்பூசையின் உறுப்புக்களைத் தன்னுட்கொண்டதே. ஆகவே அகம் புறத்தின் மறுப்பன்று, முதிர்ச்சியாம்.

இரண்டாவது: அரசன் கோயில் விலக்கப்பட்டதோ எனின், அன்று. பின்னொரு நாளிற் கொள்க என்றனனேயன்றி, வேண்டா என்றனன் அல்லன். மேலும் ஒன்று நோக்குக. நின்றவூரார் அறியாத கோயிலை முதன்முதல் அறிந்தவன் யாவன்? கற்றளி எடுத்த அவ்வரசனே. அவன் கற்றளி எடாதிருப்பின், அந்நாளைக் குறியாதிருப்பின், பூசலார் திருப்பணி உலகிற்குப் புலப்படற்கு வாயில் யாது? மனத்தளி கற்றளியின் நிறைவைக் காட்டிற்று. கற்றளி மனத்தளியின் இருப்பைக் காட்டிற்று. ஒன்றை ஒன்று விளக்கி நிற்கும் இரண்டினை ஒன்றற்கு ஒன்று பகையாக்குதல் வரலாற்றின் போக்கிற்கு மாறாம்.

மூன்றாவதே வன்மையுடைய ஐயம். இவ்வரசன் இராசசிங்கனே எனக் கொள்ளின், மலமெல்லாம் அழியப்பெற்றவன் எனக் கல்வெட்டாற் புகழப்பெற்றானுக்கு, இறைவன் நாள் தள்ளிவைத்து உணர்த்தவேண்டிய குறை யாதுளது? இதற்கு விடை நம் நூலுட் கிடைக்கும். ஆணவம் உயிரோடு அநாதியே விரவியது. அதன் சத்தி மெலிவதன்றி அதன் இருப்புக் கெடுவதில்லை. பெருங்காயம் இருந்த கலத்தைக் கழுவிய பின்னும் நாற்றம் நிற்குமாறு, தீக்கை பெற்று நெறிநின்றார்க்கும் மலவாசனை உடம்பு உள்ளளவும் தாக்கும். அதுபற்றியன்றோ மெய்கண்டார், ஞானம் கைவந்தார்க்கும் பன்னிரண்டாம் நூற்பாவில் மலங்கழுவுதலை விதித்தனர்? அதற்கு அவர் கூறிய வாயில்கள் அடியாரொடு கூடுதலும், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுதலுமாம்.

அந்நூற்பாவின் ஒளியில் இவ்வரலாற்றைக் காண்க. காடவர்கோமானிடத்து ஆலயத்தொண்டு நிரம்பியிருந்தது. அடியாரை வணங்கும் தொண்டு எஞ்சியிருந்தது. ‘யான் எடுத்தேன், யான் நாள் குறித்தேன்’ என்னும் முனைப்புக்கு அத்துணைப் பெருங்கோயில் இடந்தரக் கூடியதே. இறைவன் அக்கோயிலை இடித்திலன், அரசனை வைதிலன், ஓர் ஏழை அந்தணரின் வீட்டுக்கு வழிகாட்டினான். அவ்வளவே. அரசன் அங்குச் சென்று நிலத்தில் வீழ்ந்த அப்போதே, அவன் கோயிலுக்கு இல்லாதிருந்த உறுப்பு ஒன்று நிரம்பிற்று. தான் குறித்த நாளின்மேல் வைத்த பற்றை நொடியில் விட்டு, வெகுளாது, வெறுத்தலின்றி, ‘அவ்வன்பரைக் காண்பேன்’ என்று எழுந்தமையே அவன் நெறிநின்றவன் என்பதற்குக் கல்வெட்டினும் சிறந்த சான்று. பின்னர் எந்நாளிற் கற்றளியில் தாபனம் நிகழ்ந்தது என்பதைச் சேக்கிழார் கூறாது விட்டார். கூறவேண்டிய தாபனம் நின்றவூரிலேயே நிகழ்ந்துவிட்டது என்று அவர் திருவுள்ளம் கொண்டனர் போலும்.

முடிபு

இராசசிங்கேச்சரம் இன்று தொல்பொருள் துறையின் காப்பில் உளது. மணற்கல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பொரிந்து உதிர்கின்றது, எழுத்துக்கள் மங்குகின்றன. எழுதிய பெயர் அழியும். எழுதுவித்தவன் தாழ்ந்து வணங்கிய வணக்கம் ஒன்றே புராணத்தில் நிலைபெற்றது. அவன் இயற்பெயரைக்கூடச் சேக்கிழார் சொல்லாமை காண்க.

இக்காலத்துத் திருப்பணி செய்வார், விளக்கிலும் விசிறியிலும் படிக்கல்லிலும் தம் பெயரை உபயம் என எழுதி, விளக்கின் ஒளி பெயரால் மறையுமளவும் செய்கின்றனர். அவர்தம் கொடையை யாம் இகழேம். கொடையின்றிக் கோயில் நில்லாது. ஆயின், கொடுத்தபின் ஒருநாள், பெயரறியாத ஓர் அடியாரைத் தேடிச் சென்று வணங்குதல் அத்திருப்பணியின் கடைசிக்கல் என்று அவர் அறிவாராக. அவ்வாறே, திருப்பணிக்குப் பொருள் இல்லேம் என்று வருந்துவார், பூசலாரைப்போல ஒழுங்காக, விதிவழுவாது, துயில் துறந்து நெஞ்சிலே எடுப்பாராக. எடாமல் வாய்ப்பேச்சாக விடற்க.

கச்சிக்குச் செல்லும் அன்பர்கள் அக்குறுகிய சுற்றுவழியிற் புகும்போது இவ்விரு கோயில்களையும் ஒருங்கு நினைவார்களாக. தவழ்ந்து செல்லும் அவ்வழி கற்றளிக்குள்ளேயே உளது. அதனுள் ஒடுங்கும் உள்ளமோ மனத்தளி.

சிவம்